முதலாவது பயனாளி

அத்தியாயம் பதினான்கு

இயற்கையின் சீற்றத்துக்கு மனிதகுலம் இனித் தலைவணங்காது என்பதை உலகுக்கு அறிவிக்கும் பெரும்பேறு, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளவத்தைக்குக் கிடைக்கவிருந்தது.

மழை காரணமாக அது பத்தரைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அறிவிக்கப் போகிறவர் நாகேந்திரம். ஓய்வுபெற்ற பொறியியலாளர். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஆறு மாடியோடு நிற்கும் செண்பகம் ரெசிடன்சீஸின் உரிமையாளர் சங்கத் தலைவர். அறிவிக்கப்படப் போவது ‘அபயக்கரம்’. அவருடைய மகன் தனஞ்சயன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தயவில் செய்துமுடித்த அனர்த்த முன்னாயத்தச் செயலி. வெள்ளம் வருமுன் போனில் சொல்லும். வந்தபின் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் படகு வரும்.

செயலியின் சின்னம் விரித்த உள்ளங்கை. அதை முதன்முதலாகப் பார்த்த சமையல்காரி பழனியம்மா, “தனா ஐயா கைரேகை பாக்கப் போறாருங்களா?” என்று கேட்டதையும், அதற்காக நாகேந்திரம் இரண்டு நாள் அவள் கையால் தேத்தண்ணி குடிக்காமல் இருந்ததையும் போன கிழமை பார்த்தோம்.

தனஞ்சயனின் ஆய்வையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொலன்னாவை, கிருலப்பனை, கொம்பனித்தெரு என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம், ‘அனர்த்தத்தை எதிர்கொள்ள ஒரு செயலி வந்தால் பயன்படுத்த விரும்புவீர்களா?’ என்று கேட்கப்பட்டது. பதில் சொன்னவர்களுக்கு ஒரு குடை. முந்நூற்று எண்பத்தொன்பது பேர் விரும்புவதாகச் சொன்னார்கள். மிச்ச இருபத்து மூன்று பேர், விரும்பாவிட்டால் குடை தரமாட்டீர்களா என்று கேட்டார்கள்.

முதற்சுற்றில் விருப்பம் இவ்வளவு பெருத்திருக்கவில்லை. ‘நீங்கள் இருக்கும் இடத்தைச் செயலி தானாகவே கண்டுபிடிக்கும்’ என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. அதை வாசித்துக் காட்டியதும் சனம் குடையைக்கூடத் திருப்பிக் கொடுத்தது. தான் இருக்கும் இடத்தை ஒரு கருவி யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பதை விரும்புகிற தமிழனைக் கொழும்பு இனித்தான் பெற வேண்டும். நாகேந்திரமே போன் வாங்கிய அன்று செய்த முதல் வேலை, அந்த வசதியை அணைத்ததுதான். ஆகவே தனஞ்சயன் அந்த வரியை எடுத்துவிட்டான். முகவரியைக் கையால் பதிந்தால் போதும் என்றான். ஒரே மாதத்தில் விருப்பம் தொண்ணூற்று நான்கு வீதத்துக்கு எகிறியது. அந்த எகிறலை அவன் பச்சையும் நீலமுமாக வரைபடம் கீறி வைத்திருந்தான்.

அவன் மனைவி அருந்ததிக்கு அன்று காலை வரைபடம் கவலையில்லை. றோல்ஸ்தான் கவலை. நூற்றிருபது பேருக்கு முந்நூறு றோல்ஸ், முழுக்க மரக்கறி. அவற்றை உருட்டிப் பொரிப்பதற்காகப் பழனியம்மா முதல்நாளே வந்து அந்த ஐந்தாம் மாடி வீட்டில் தங்கியிருந்தாள். பதினொரு வருடமாக அங்கே சமைப்பவளும் துவைப்பவளும் அவள்தான். அன்றைக்கு மட்டும் அதற்கு மேல் ஒரு பதவி: அபயக்கரத்தின் முதலாவது பயனாளி. மேடையில் ஏறிச் சிவப்புப் பொத்தானை அமுக்கிக் காட்ட வேண்டியவள்.

ஏழே காலுக்கு அவளுடைய போன் அடித்தது. கேட்டுவிட்டு அடுப்பைக் குறைத்தாள்.

“அம்மா, கானு நெறஞ்சு வாசப்படிக்கு வந்துருச்சாம்ங்க. நான் ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துர்றேன். அவரத் தூக்கிப் பள்ளிக்கூடத்துல உக்கார வச்சிட்டு வந்துர்றேங்க.”

அவர் என்றால் இராமர், அவளுடைய புருஷன். கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளின் மதிலுக்குப் பின்னால், கழிவுநீர்க் கானோரமாக ஒற்றை அறை. சீனி வருத்தத்தில் வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருடமாகிறது. தூக்காமல் எழும்ப மாட்டார். மகள் சுபாஷினி ஒரு சடங்குக்கு ஹட்டனுக்குப் போனவள், மண் சரிந்து பாதை மூடியதில் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

“இப்பவோ?” என்றாள் அருந்ததி. “பத்தரைக்கு மேடையில ஏற வேண்டிய ஆள் நீ.”

“பத்துக்குள்ள வந்துர்றேம்மா.”

இந்த மழையில் கொலன்னாவைக்குப் போய், ஒற்றைக்கால் மனிதரைத் தூக்கிக் கரைசேர்த்துவிட்டுப் பத்துக்குள் திரும்புவது நடவாத காரியம். அது இருவருக்கும் தெரியும். அருந்ததி வாதாடவில்லை. பழனியம்மாவின் போனை வாங்கினாள். அபயக்கரத்தைத் திறந்தாள். திரை நிறையப் பச்சை வட்டம். ‘உங்கள் பகுதி பாதுகாப்பானது.’

“இஞ்ச பார். பச்சை.”

பழனியம்மா எட்டிப் பார்த்தாள்.

“பச்சையாத்தாங்க இருக்கு. தண்ணி கறுப்பா இருக்குன்னு சொல்றாரும்மா.”

உள்ளறையிலிருந்து நாகேந்திரம் டையைக் கட்டிக்கொண்டே வந்தார்.

“என்னவாம்?”

“இராமரின்ர வீட்டடிக்குத் தண்ணி வந்திட்டுதாம், மாமா.”

“ஆப் என்ன சொல்லுது?”

“பச்சை.”

“பிறகென்ன? ஆற்றில இருபத்தேழு இடத்தில அளவுகோல் இருக்கு. மேல செய்மதி இருக்கு. எல்லாத்தையும் சேர்த்துப் பாத்துத்தான் அது பச்சை காட்டுது. இராமரிட்ட என்ன இருக்கு?”

“ஒத்தக்காலுங்க,” என்றாள் பழனியம்மா.

நாகேந்திரம் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. குரலைத் தணித்து, தகப்பனைப்போலக் கதைத்தார். “இஞ்ச பார் பிள்ளை. சுபாஷினியை ரெண்டாம் கட்டத்தில வேலைக்கு எடுங்கோ எண்டு காசு தாற மேனுகாவிட்ட நான்தான் கேக்க வேணும். நீ மேடையில ஏறாட்டில் நான் எந்த முகத்தோட கேக்கிறது?”

அதற்குப் பிறகு பழனியம்மா போவதைப் பற்றிக் கதைக்கவில்லை. புருஷனுக்கு எடுத்து, “பச்சையா இருக்காம். கட்டில்ல ஏறி உக்காந்துக்கங்க. பன்னெண்டுக்கு வந்துர்றேன்,” என்றாள். பிறகு, “கொடையா? கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு,” என்றாள். அடுப்பைக் கூட்டினாள்.

*

கீழ்த்தள மண்டபம் பத்தரைக்கு நிரம்பிவிட்டது. சங்கத்துக்காரர், அவர்களின் மனைவிமார், கோட்டு நனைந்த இரண்டு அதிகாரிகள், முதல் வரிசையின் நடுவில் மேனுகா. வெளிநாட்டு நிறுவனத்தின் இணைப்பாளர் அவள்தான். செயலி ஒன்பது மாவட்டத்துக்குப் போகுமா, இந்த மண்டபத்தோடு நிற்குமா என்பது அவளுடைய கையெழுத்தில் இருந்தது. சிங்களப் பெண்; தமிழ் கொஞ்சம் வரும். பிடித்துப்போனால் மட்டும் “நியமய்!” என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தனஞ்சயன் எட்டு மாதமாக நித்திரை கொள்ளவில்லை.

அருந்ததி இரண்டாம் வரிசையில் இருந்தாள். அவள் கொடுத்த பழைய ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு பழனியம்மா மேடையோரக் கதிரையில், நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய போன் தனஞ்சயனின் மேசையில் இருந்தது. அதில் தெரிவதெல்லாம் பெரிய திரையிலும் தெரியும்படி வயர் கொடுத்திருந்தான்.

நாகேந்திரம் இருபது நிமிடம் பேசினார். மொகஞ்சதாரோவின் வடிகால்களில் தொடங்கிச் செய்மதியில் முடித்தார். மழைச் சத்தத்தில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கைதட்டினார்கள்.

அடுத்தது தனஞ்சயன். “முந்நூற்று எண்பத்தொன்பது பேர்,” என்று அவன் வரைபடத்தைக் காட்டியபோது, அதன் மேலேயே திரையில் ஒரு பெட்டி எழும்பியது.

‘அவரு அழைக்கிறார்.’

புருஷனின் பெயரைப் பழனியம்மா போனில்கூடச் சொல்வதில்லை. மகள் அப்படித்தான் பதிந்து கொடுத்திருந்தாள். மண்டபம் சிரித்தது. தனஞ்சயனும் சிரித்துக்கொண்டே சிவப்பைத் தட்டினான்.

“தொழில்நுட்பத்தின் மீதான நம்பிக்கை,” என்று தொடர்ந்தான்.

‘அவரு அழைக்கிறார்.’

நாகேந்திரம் ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தார். “அவையோர் மன்னிக்க வேணும். இது இராமர் சீதையைத் தேடுற இடம்!”

இம்முறை சிரிப்பு கூரையைத் தொட்டது. மேனுகாவுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவளும் சிரித்தாள். பழனியம்மா எழும்பப் பார்த்தாள். தனஞ்சயன் கையமர்த்தினான். மறுபடி சிவப்பு.

மூன்றாவது தரமும் ‘அவரு’. நாலாவது ‘தாஸிம் பாய்’. இராமரின் பக்கத்து வீட்டுக்காரன். தனஞ்சயன் இப்போது நிமிர்ந்தும் பார்க்காமல் கட்டைவிரலாலேயே வெட்டினான். அதன்பின் அழைப்பு ஒன்றும் வரவில்லை. திரை சுத்தமாக இருந்தது.

“இனி நேரடிச் செய்முறை. முதலில் பயனாளியின் விபரம்.”

திரையில் பழனியம்மாவின் படம் வந்தது. வயது ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே முகவரி: 5/2, செண்பகம் ரெசிடன்சீஸ், வெள்ளவத்தை.

அருந்ததி அதை ஒருதரம் வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

அந்த முகவரியைப் பதிந்தவள் அவள்தான். பிழை என்று நினைத்துப் பதியவில்லை, நினைக்கவேயில்லை. கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதற்கிழமை அவள் கையில் கொடுக்கப்பட்ட முதல் வேலை பொலிஸ் பதிவுப் படிவம். இந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறவர், படுக்கிறவர், சமைக்கிறவர் எல்லாரையும் இந்த முகவரியில் எழுத வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் கதவைத் தட்டுவார்கள். தட்டுகிற காலம் போய்விட்டது. கை நிற்கவில்லை. தடுப்பூசிப் படிவம், காஸ் படிவம், கோயில் அன்னதானப் பட்டியல் எதிலும் பழனியம்மா ஐந்தாம் மாடிக்காரிதான். போன மாதம் தனஞ்சயன், “அரு, பழனியம்மாவைப் பதிஞ்சு விடும்,” என்றபோதும் கை தன்பாட்டில் எழுதிவிட்டது.

ஆகவே காலையில் காட்டிய பச்சை வெள்ளவத்தைக்கு. ஐந்தாம் மாடிக்கு. கொலன்னாவை என்ன நிறத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

எழும்பிச் சொல்லலாம். ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியைத் தமிழில் சொன்னால் மேனுகாவுக்கு மொழிபெயர்ப்பார்கள். நன்றியுரை முடியட்டும், தனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம் என்று அருந்ததி முடிவுசெய்தாள். முடிவுசெய்ததும் ஓரளவு நிம்மதியாகக்கூட இருந்தது.

“பழனியம்மா அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்,” என்றான் தனஞ்சயன். பதினொரு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் ‘அவர்கள்’ அது.

பழனியம்மா வந்து போனைப் பார்த்தாள். பிறகு தனஞ்சயனைப் பார்த்தாள். ஒலிவாங்கி அவள் வாயருகே இருந்தது. கேட்டதெல்லாம் மண்டபத்துக்குக் கேட்டது.

“இத அமுக்குனா நெசமாவே போட்டு வருமாங்கய்யா?”

“ஓம், நிச்சயமாக.”

“வீட்டுக்கேவா?”

“உங்கட வாசலுக்கே.”

அவள் அமுக்கினாள். ஒருதரம் அமுக்கினால் போதும். அவள் ஏழெட்டுத் தரம் அமுக்கினாள். ‘கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. படகு 50 நிமிடத்தில் வந்துசேரும்.’ மண்டபம் எழும்பி நின்று தட்டியது. பழனியம்மா இரண்டு கையையும் கூப்பிப் போனைக் கும்பிட்டாள். அவளுடைய கண்ணால் நீர் ஓடியது.

“நியமய்!” என்றாள் மேனுகா.

*

ஐம்பது நிமிடம் என்பது நீண்ட நேரம்.

அதில் பத்து நிமிடத்தை நன்றியுரை தின்றது. மிச்சத்தில் தேநீர் விருந்து. முதலாவது பயனாளி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு றோல்ஸ் தட்டோடு வரிசை வரிசையாகப் போனாள். காலையில் இருந்த முகமல்ல அது. கழுவிவிட்டதுபோல இருந்தது.

“போட்டு போயிருச்சுங்கம்மா,” என்று அருந்ததியின் காதருகே சொன்னாள். “இந்நேரம் போய்ச் சேந்திருக்கும். நான்தான் சும்மா பயந்துட்டேன். ஒண்ணு எடுத்துக்கங்க, சூடா இருக்கு.”

அருந்ததி ஒன்று எடுத்துக்கொண்டாள். எடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பாள் என்று எடுத்தாள்.

தனாவைச் சுற்றிச் சனம். தனியாகக் கூப்பிட வழியில்லை. தூணில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் படகுக்குழுவின் இலக்கம் இருந்தது. கொட்டாஞ்சேனைக் குழு, பொறுப்பாளர் ஸைத். கொழும்பு முழுவதற்கும் அபயக்கரத்திடம் இருந்தது அந்த ஒரு படகுதான். அருந்ததி தூணடிக்குப் போய்த் தன் போனில் இலக்கத்தைத் தட்டத் தொடங்கினாள். ஏழு எண் தட்டியாயிற்று. இன்னும் மூன்று.

தோளில் ஒரு கை பட்டது. மேனுகா.

“அருந்ததி! அந்த அம்மா உங்கட வீட்டு ஆள்தானே? அழுததப் பாத்து எனக்கும் அழுகை.”

“ஓம். எங்கட குடும்பத்தில ஒருத்தி மாதிரி.”

“நீங்க இப்ப கோல் எடுக்கப்போற?”

“இல்லையில்லை,” என்றாள் அருந்ததி. “நேரம் பாத்தனான்.”

போன் கைப்பைக்குள் போயிற்று. மேனுகாவுக்குப் பால்தேத்தண்ணியில் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டாள். ஒன்றரை.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் ஒழுங்கைக்குள் ஒரு லொறி பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. அதன் முதுகில் நீல நிறத்தில் பைபர் படகு. படகு குறுக்கே நின்றதில் ஒழுங்கையில் வேறெதுவும் அசைய முடியவில்லை. முழங்கால் வரை காற்சட்டையைச் சுருட்டிய ஒருவன், உயிர்காப்பு அங்கியைக் கையில் பிடித்தபடி மண்டபத்துக்குள் வந்தான்.

“பழனியம்மா யாரு? அஞ்சாம் மாடி, ஒரு ஆள்.” தரையைப் பார்த்தான். மாபிள் தரை. “தண்ணி எங்க ஈக்கி?”

பிறகு யாரோ தட்டத் தொடங்கினார்கள். தட்டல் பரவியது. நாற்பத்தேழு நிமிடம்! சொன்னதற்கு மூன்று நிமிடம் முன்னால்! மேனுகா கமராவை எடுத்தாள். தனஞ்சயனின் முகம் விரிந்தது.

பழனியம்மா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். விளிம்பில் வைத்தது சரியில்லை என்று உள்ளே தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

“இங்க எதுக்குய்யா வந்தீங்க?”

“அட்ரஸ் இதத்தானே தந்தீக்கி,” என்றான் ஸைத். போனை நீட்டிக் காட்டினான்.

“என் வீடு கொலன்னாவையில. அங்க அவரு… அவருக்கு ஒத்தக்கால்ய்யா.”

“கொலன்னாவயா? அல்லாஹ்வே! கொட்டாஞ்சேனையால வெளிக்கிட்டா கொலன்னாவ கிட்டத்தானே. அங்க நேராப் போயீப்பமே. இப்ப இங்கேந்து போகச் செல்லே ஒரு மணித்தியாலம் பிடிக்கும். கிருலப்பனையில மரம் விழுந்தீக்கி.”

தனஞ்சயனின் சிரிப்பு பாதியில் நின்றது. “இந்த அட்ரஸ் ஆர் குடுத்தது?” என்றான். கேட்டுக்கொண்டே அருந்ததியைத் திரும்பிப் பார்த்தான். நாகேந்திரமும் பார்த்தார். அவர்கள் பார்த்ததால் மேனுகாவும் பார்த்தாள்.

“பழனியம்மாதானே சொன்னவ,” என்றாள் அருந்ததி.

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

பழனியம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்வை நீளவில்லை, அவளுக்கு நேரமில்லை.

“ஆமாங்க,” என்றாள். “நான்தான் சொல்லியிருப்பேன். பதினோரு வருசமா இங்கதான கெடக்கேன். வாங்கய்யா, போவோம்.”

“போன்ல கேஸ மூடாமப் போக ஏலா,” என்றான் ஸைத். “இந்தக் கேஸ் தொறந்தீக்க, போன் அடுத்த அட்ரஸ எடுக்குதில்ல. மூடாம லொறிய எடுத்தா நாளைக்கு எங்களுக்குத்தான் கத.”

இது தனஞ்சயனே எழுதிய விதி. மீட்கப்பட்டவர் தன் விரலாலேயே ‘நான் பாதுகாப்பாக இருக்கிறேன்’ என்று உறுதிசெய்ய வேண்டும். அதுவரை படகு அவருக்கே சொந்தம். துஷ்பிரயோகத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடு என்று வரைபடங்களுக்கு இடையில் ஒரு முழுப்பக்கம் இதற்காக ஒதுக்கியிருந்தான்.

“ஒரு செக்கன்தான், பழனியம்மா. விரலை வையும்.”

ஸைத் நீட்டிய போனில் அவள் விரலை வைத்தாள். றோல்ஸ் எண்ணெய். போன் ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஏற்கவில்லை. தனஞ்சயன் தன் கைக்குட்டையை எடுத்து, அவளுடைய கட்டைவிரலை ஒவ்வொரு ரேகையாகத் துடைத்துவிட்டான். அதற்கிடையில் மேனுகா, “ஒரு போட்டோ, ப்ளீஸ்,” என்றாள். நாகேந்திரம் உயிர்காப்பு அங்கியை வாங்கிப் பழனியம்மாவுக்கு மாட்டிவிட்டு, பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பின்னால் நீலப் படகு தெரியும்படி இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

மூன்றாம் தரம் போன் ஏற்றுக்கொண்டது. ‘வாழ்த்துகள்! நீங்கள் மீட்கப்பட்டுவிட்டீர்கள்.’

ஸைத் அவளைக் கையைப் பிடித்து லொறியில் ஏற்றினான். முன்பக்கத்தில் இடமில்லை, படகுக்குள்ளேயே உட்கார்ந்தாள். கொட்டும் மழையில், ஊதாச் சேலையும் செம்மஞ்சள் அங்கியுமாக, வெள்ளமே இல்லாத வெள்ளவத்தை ஒழுங்கையில் படகேறிப் போனாள். வாசலில் நின்றவர்கள் கையசைத்தார்கள். சேலையை நனைக்காமல் பார்த்துக்கொள் என்று அருந்ததியின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நினைத்துத் தன்மேல் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

*

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. மிஞ்சிய றோல்ஸைச் சங்கத்து மனைவிமார் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார்கள். நாகேந்திரம் படத்தைத் தமக்கு அனுப்பும்படி யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தனஞ்சயனின் மேசையில் ஒரு போன் அதிர்ந்தது. வயர் இன்னும் கழற்றவில்லை. பெரிய திரையில் எழுந்தது: ‘தாஸிம் பாய்.’

பழனியம்மா போனை எடுக்காமலே போயிருந்தாள்.

அருந்ததி ஓடிப்போய் வயரைக் கழற்றிவிட்டுக் காதில் வைத்தாள்.

“பழனியம்மாக்கா! எத்தின தரம் எடுக்கிற? வெட்டி வெட்டி உடுறீங்க!”

“அவ வந்துகொண்டிருக்கிறா,” என்றாள் அருந்ததி. “படகோட வாறா.”

“போட்டா?” மறுமுனையில் தண்ணீரின் இரைச்சல். “இப்ப போட்டு வந்து என்ன செய்ய? எங்கட பிள்ளைகளக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல உட்டுட்டுத் திரும்பி வந்து பாத்தன். தண்ணி ஜன்னலுக்கு வந்திட்டு. கட்டில் மிதக்குது. கதவு தொறந்தீக்கி. ஆளக் காணல்ல.”

“ஆரும் கூட்டிக்கொண்டு போயிருப்பினம்.”

“ஒத்தக்கால் மனிசன யாரு கூட்டிப்போற? பள்ளிக்கூடத்துலயும் இல்ல, புத்த பன்சலையிலயும் இல்ல. காலைலேந்து செல்லிக்கிட்டே ஈந்தாரு, பச்சையாம், அவ வருவாவாம், அசைய மாட்டன் எண்டு. நீங்க யாரு பேசிற?”

அருந்ததி தொடர்பைத் துண்டித்தாள்.

தனஞ்சயன் மடிக்கணினியை மூடிக்கொண்டு அவளிடம் வந்தான். வாசலில் மேனுகாவின் கார் இயங்கிக்கொண்டிருந்தது. அவள் ஏறாமல் குடையோடு நின்றாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் அருந்ததி. “இராமரைக் காணேல்லையாம்.”

“ஐயோ,” என்றான். உண்மையாகவே சொன்னான். “எப்ப?”

“தெரியாது. வீட்டுக்குள்ள ஜன்னல் மட்டும் தண்ணியாம்.”

“சரி. சரி, பொறும்.” கை நீட்டிப் போனை வாங்கினான். “மேனுகா முதல் மீட்பின்ர அறிக்கையைக் கையோட கேக்கிறா. அதை அனுப்பிப்போட்டு யோசிப்பம்.”

அறிக்கை வரவில்லை. அதற்கு முன் திரையில் ஒரு கேள்வி நின்றது: ‘உங்கள் மீட்பு அனுபவம் எப்படி இருந்தது?’ அதன் கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள். பயனாளி அவற்றை நிரப்பினால்தான் அறிக்கை பிறக்கும்.

தனஞ்சயன் முதலில் நான்கு போட்டான். பிறகு ஐந்தாக்கினான்.